பினாங்கு கலங்கரை விளக்க நடை: திரும்பும் படகுக்கு முன்கூட்டியே பணம் கட்டாதீர்கள்

போன மாதம் ஈப்போவிலிருந்து நான், மனைவி, மச்சான், அவன் மகள் நால்வரும் பினாங்கு தேசியப் பூங்காவுக்குப் போனோம். தெலுக் பாகாங்கிலிருந்து கடலோரமாக மங்கி பீச்வரை நடை, அப்புறம் முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு ஏற்றம், திரும்பப் படகு. வாட்சப்பில் பிடித்த ஏஜெண்டு, "வழிகாட்டி, படகு எல்லாம் சேர்த்து 400 வெள்ளிண்ணே, நீங்க நடந்தா போதும்" என்றார் (வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட்). முதல் நாளே முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். கோட்டை விட்டது அங்கேதான்.

வழிகாட்டியாக வந்தவன் சிலிப்பர் போட்ட ஒரு பையன். தொங்கு பாலத்துக்குப் பக்கத்தில் பாதை பிரிகிறது: ஒன்று கெராச்சுட் கடற்கரைக்கு, மற்றது எங்களுக்கு. அவன் கைப்பேசியைத் தடவிக்கொண்டு நிற்க, மச்சான் மகள்தான் பலகையைப் படித்து வழி சொன்னாள். கடலோரம் என்றதும் சமதளம் என்று நினைத்துவிடாதீர்கள். வேர், பாறை, குறுக்கே விழுந்த மரம் என்று ஏறி இறங்கி முட்டி கழன்றுவிடும்.

மங்கி பீச்சில், "மேலே பாதை மூடியிருக்கு" என்றான் பையன். அதே நேரம் மேலிருந்து வியர்வையோடு இறங்கிய சீனத் தம்பதி, இப்போதுதான் விளக்கைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அவனை விட்டுவிட்டு ஏறினோம். 200 மீட்டருக்கு மேல் செங்குத்து, மூச்சு வாங்கியது. 1883-இல் கட்டிய கோபுரத்தடியில் உட்கார்ந்த பத்து நிமிடம்தான் அன்றைக்கு உருப்படியான நேரம்.

இறங்கி வந்தால் பையனும் இல்லை, படகும் இல்லை. ஏஜெண்டு என் எண்ணைத் தடுத்துவிட்டார். அங்கிருந்த படகுக்காரரோ உங்கள் பெயரில் எதுவும் சொல்லிவைக்கவில்லை என்றார். மணி ஐந்து, மனைவிக்கு முட்டி வீங்கியிருந்தது, ரொட்டிப் பையைக் குரங்கு கொண்டுபோயிருந்தது. கேட்ட 120 வெள்ளியைக் கொடுத்தோம்.

இந்தப் பாதைக்கு வழிகாட்டியே தேவையில்லை, பலகைகள் இருக்கின்றன. நுழைவாயில் அலுவலகத்தில் பெயர் பதியும்போதே எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேளுங்கள். படகு வேண்டுமென்றால் அங்குள்ள படகுத்துறையிலேயே பேசி, படகோட்டியின் எண்ணை வாங்கிக்கொண்டு, ஏறிய பிறகு பணம் கொடுங்கள்.

அன்றிரவு மச்சான் மகள் தன் கைப்பேசியிலிருந்து அதே ஏஜெண்டைக் கேட்டுப் பார்த்தாள். உடனே பதில் வந்தது: "நாளைக்கே வாங்க தங்கச்சி, 400 வெள்ளிதான், படகு காத்திருக்கும்."