வீதிப் பலகை வடிவமைக்க எது தோது: தனி மென்பொருளா, கோரலா, இங்க்ஸ்கேப்பா?

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பலகை அடிக்கும் கடைகளில் பெரும்பாலும் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருள்தான் திறந்திருக்கும். வீதிப் பலகைக்கென்றே சைன்பிளாட், கீசைன், சைன்காட் என்று தனி மென்பொருள்கள் இருப்பது நம் பக்கம் பலருக்குத் தெரியாது. மூன்றாவது இங்க்ஸ்கேப், இதுவும் கோரல் மாதிரி வரைகலை மென்பொருள்தான். நான் கோரலிலிருந்து மாறி இப்போது இதில்தான் வேலை செய்கிறேன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

விலையை ஒரு வரியில் முடித்துவிடலாம். இங்க்ஸ்கேப் இலவசம், மற்றவற்றுக்குப் பணம். கோரலைக் காசு கொடுத்து வாங்கிய கடைகள் எத்தனை என்று கேட்டால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும், விடுங்கள். கோடு, வட்டம், அம்புக்குறி வரைவதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வளைவை எச்சரிக்கும் மஞ்சள் பலகையை எதிலும் வரையலாம்.

தனி மென்பொருளின் பலம் கணக்கில் இருக்கிறது. பிரிட்டன் முறையில் ஆங்கிலச் சிறிய எழுத்து எக்ஸின் உயரம்தான் அடிப்படை. அதில் நான்கில் ஒரு பங்கை ஓர் அலகாக வைத்து, எழுத்துக்கும் விளிம்புக்கும் இடைவெளி, வரிக்கும் வரிக்கும் இடைவெளி எல்லாவற்றையும் அளக்கிறார்கள். இந்தக் கணக்கு தனி மென்பொருளுக்குள்ளேயே இருப்பதால், ஊர்ப் பெயரை மாற்றினால் பலகையின் அகலம், விளிம்பு, அம்பு நிற்கும் இடம் எல்லாம் தானாகவே சரியாகிவிடும். கோரலிலும் இங்க்ஸ்கேப்பிலும் இதைக் கையால்தான் செய்ய வேண்டும். ஆங்கிலம் மட்டும் உள்ள திசைப் பலகை என்றால் தனி மென்பொருளுக்குப் பக்கத்தில் வேறு எதுவும் நிற்காது.

நம் பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று வரி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் 'நு' கீழே இறங்கும், 'லி' மேலே சுழிக்கும். ஆங்கில எக்ஸை வைத்துப் போட்ட கணக்கு இதற்குப் பொருந்தாது. நான் 'ட'வின் உயரத்தை அளவாக எடுத்து, ஆங்கில வரியோடு கண்ணால் ஒத்துப்பார்த்து வைக்கிறேன். தனி மென்பொருளைச் சோதனைப் பதிப்பில் மட்டும்தான் ஓட்டிப் பார்த்தேன். கைதேர்ந்த ஒருவர் அதிலும் வழி கண்டுபிடிக்கலாம். இன்னொன்று, அமெரிக்க முறைக்குச் செய்த தனி மென்பொருள் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. அதில் சுற்றுவட்ட அம்பு கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். நமக்கு அது நேர்மாறு. பிரிட்டன் மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் நான் மாறியதற்குக் காரணம் இது எதுவும் இல்லை. பலகையை ஒரு தடவை வடிவமைப்பது சின்ன வேலை. பிறகு அதைத் திருத்துவதில்தான் உயிர் போகிறது. பெயரில் ஓர் எழுத்து பிழை, தூரம் மாறிவிட்டது, அதே பலகை இன்னொரு சந்திக்கு வேண்டும் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். கோரலில் பழகியவர்கள் தமிழைப் பாமினியிலும் சிங்களத்தை எப்.எம். அபயவிலும் அடிப்பார்கள். இரண்டும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் நம் எழுத்தை உட்கார வைத்த பழைய எழுத்துருக்கள். வேறு கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் திரையில் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் கோட்டுருவமாக மாற்றி அனுப்புவார்கள். மாற்றிய பிறகு அது எழுத்து இல்லை, படம். 'தலவாக்கலை'யில் ஒரு கால் விடுபட்டிருந்தால், வேறொரு காலை வெட்டி ஒட்ட வேண்டியதுதான். தமிழ் தெரியாத ஒருவர் கையில் அந்தக் கோப்பு போனால் என்ன ஆகும் என்பதற்குத் தெருவில் நிற்கும் பலகைகளே சாட்சி. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யுனிகோடிலும் புதிய கோரலில் அடிக்கலாம். ஆனால் கடைகளில் பழக்கம் விடுவதாக இல்லை.

இங்க்ஸ்கேப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் சிங்களம் என்ற இரண்டு எழுத்துருக்களையும் போட்டு யுனிகோடிலேயே அடிக்கிறேன். இரண்டும் இலவசம். கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும். இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பை நோட்பேடில் திறந்தால்கூட ஊர்ப் பெயர் தமிழில் தெரியும், அங்கேயே திருத்தலாம். நாளைக்கு இங்க்ஸ்கேப்பே இல்லாமல் போனாலும் கோப்பு பிழைத்துக்கொள்ளும். பெயரை நடுவிலிருந்து சீரமைத்து வைத்தால், எழுத்து கூடும்போது இரண்டு பக்கமும் சமமாக நீளும். அம்பை ஒரு தடவை வரைந்து, மற்ற இடங்களில் அதன் குளோனை, அதாவது மூலத்தோடு இணைந்தே இருக்கும் நகலை வைத்தால், மூலத்தைத் திருத்தியதும் எல்லாம் மாறும். றம்பொடைப் பக்கம் மாதிரி இடது வளைவும் வலது வளைவும் மாறி மாறி வரும் பாதைக்குக் குறியை மட்டும் தேர்ந்து எச் விசையை அழுத்தினால் போதும், திரும்பிவிடும். எழுத்தைச் சேர்த்துத் தேர்ந்துவிடாதீர்கள், அதுவும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பும். பனிமூட்டத்தில் பலகை தெரியுமா என்பது வேறு கதை. அதை ஒளி திருப்பும் ஸ்டிக்கரின் தரம்தான் தீர்மானிக்கும்.

குறைகளும் உண்டு. ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தோடு நேரடியாகப் பேசுவதில் கோரல்தான் வசதி. நான் எழுத்து எழுத்தாகவே இருக்கும் மூலக் கோப்பு ஒன்று, வெட்டுவதற்குக் கோட்டுருவமாக்கிய நகல் ஒன்று என்று இரண்டாக வைக்கிறேன். வெட்டுவது இன்னும் கோரல் வழியாகத்தான். அப்புறம் அளவு. 2017இல் வந்த இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பில் அங்குலத்துக்கு 90 புள்ளி என்பது 96 ஆனது. அதற்கு முந்திய கோப்பைத் திறக்கும்போது கேட்கும் கேள்வியைப் படிக்காமல் தட்டிவிட்டால் 600 மில்லிமீட்டர் பலகை 562.5 ஆகிவிடலாம். பழைய கோப்பென்றால் வெட்டுமுன் வெளி விளிம்பை அளந்து பாருங்கள்.

பாமினியில் கிடக்கும் பழைய வேலைகளை மாற்ற நினைப்பவர்கள், எழுத்து இன்னும் எழுத்தாக இருக்கும் கோப்புகளை முதலில் பிரித்தெடுங்கள். அவற்றை யுனிகோட் மாற்றியில் போட்டு எடுத்துவிடலாம். கோட்டுருவமானவற்றைத் திரும்ப அடிக்க வேண்டும், வேறு வழியில்லை.