சேலத்தில் விற்கும் உலக வரலாற்றுக் குறிப்பேடு: வில்சன் பக்கம் பாதிதான்

ஐந்து ரோடு பக்கம் ஒரு பயிற்சி மையம், தமிழ்வழியில் குடிமைப் பணி முதன்மைத் தேர்வு எழுதுவோருக்கு விற்கும் குறிப்பேடு இது. முதல் உலகப் போர் அத்தியாயம் தெளிவு. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது, 1918 ஜனவரி 8-ல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் அறிவித்த 14 அமைதி அம்சங்கள், சர்வதேச சங்கம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன.

சிக்கல் வில்சனில். சமாதானத் தூதராகவே நிறுத்திவிட்டார்கள். 1913 முதல் அவர் ஆட்சியில் அஞ்சல், கருவூலத் துறைகளில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்காரவைத்ததும், 1914-ல் அரசு வேலை விண்ணப்பத்துக்குப் புகைப்படம் கட்டாயமானதும் (முகத்தைப் பார்த்தே கழித்துக்கட்டலாமே!) இதில் இல்லை. 1919-ல் பாரிஸ் அமைதி மாநாட்டில், சர்வதேச சங்கத்தின் உடன்படிக்கையில் ஜப்பான் கேட்ட இனச் சமத்துவத் திருத்தத்துக்கு 17-ல் 11 வாக்கு கிடைத்தும், ஒருமனதாக இல்லையென்று தலைமையில் இருந்த வில்சன் தள்ளிவிட்டார். இதை விட்டால் அவர் பேசிய சுயநிர்ணயம் (மக்கள் தம் ஆட்சியைத் தாமே முடிவு செய்வது) யாருக்கானது என்பதே விளங்காது. 1917-ல் சென்னையிலிருந்து ஹோம் ரூல் இயக்கத் தலைவர் எஸ். சுப்பிரமணிய ஐயர் இந்தியாவின் தன்னாட்சிக்கு ஆதரவு கேட்டு வில்சனுக்கே எழுதிய கடிதமும் காணோம். தமிழ்நாட்டில் அச்சான குறிப்பேட்டில் இது பெருங்குறை.

வாங்கியவர்கள் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, இந்த நான்கையும் ஆண்டோடு எழுதிக்கொள்ளுங்கள். வில்சனை மதிப்பிடச் சொல்லும் 250 சொல் விடையில் 14 அம்சங்களே பாதியை விழுங்கினால் மதிப்பெண் விழாது. 2020-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து அவர் பெயரை நீக்கியதற்கு ஒரு வரி போதும்.

வரைபடங்கள் மங்கல் நகல். அட்லஸில் பார்ப்பது மேல்.