மீட்டரில் 43,000, சர்வீஸ் பதிவில் 1,31,000: பழைய வேகன் ஆர் தேடுபவர்கள் படியுங்கள்

2016 மார்ச்சில் பதிவான வேகன் ஆர் விஎக்ஸ்ஐ. வெள்ளை நிறம். மீட்டரில் 43,260 கி.மீ. ‘சிங்கிள் ஓனர், ஓன் போர்டு (சொந்த உபயோக வண்டி), பேப்பர் எல்லாம் கரண்ட்’ என்று சொல்லி ஒரு கார் கன்சல்டிங்கில் 3 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவர் வீட்டில் மூட்டுவலியோடு ஒரு பெரியவர் இருக்கிறார். குனியாமல், மடங்காமல் ஏறி உட்காரும் உயரம் இந்த டப்பா வடிவ வண்டியில் இருப்பதால்தான் இதைத் தேடி வாங்கினார்கள். ஐந்தாவது வாரம் மலைப்பாதையில் கிளட்ச் கருகி வண்டி நின்றுவிட்டது.

பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கினால் கிளட்ச் பிளேட் ரிவெட் வரைக்கும் தேய்ந்திருக்கிறது. லோயர் ஆர்ம் புஷ் இரண்டு பக்கமும் கிழிந்திருக்கிறது. கிளட்ச் மட்டும் போயிருந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை. கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுபவர் கையில் 40,000 கிலோமீட்டரிலும் போகும். ஆனால் பிரேக் டிஸ்க்கின் வெளி விளிம்பில் விரல் நகம் தடுக்கும் அளவுக்கு வரப்பு நின்றது. 43,000 ஓடிய வண்டிக்கு அது அதிகம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவை எடுத்துப் பார்த்ததும் கதை முடிந்துவிட்டது. பதிவான மூன்றாம் மாதமே 10,000 கி.மீ. சர்வீஸ், 2018 நவம்பரில் 1,31,000. அதற்குமேல் பதிவே இல்லை. வண்டி கால் டாக்ஸியாக ஓடி, பிறகு ஓன் போர்டாக மாறியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘சிங்கிள் ஓனர்’ என்றது பொய் இல்லை. டாக்ஸி ஓட்டியவரே தன் பெயரில் டி-போர்டை (டாக்ஸிப் பதிவை) ஓன் போர்டாக மாற்றினால் ஆர்சியில் ஓனர் எண் 1 என்றே இருக்கும். எம்பரிவாஹன் செயலியில் பார்த்தாலும் இன்றைய வகை ‘மோட்டார் கார்’ என்றுதான் வரும். பார்த்துவிட்டுத் திருப்தியாகி விடுகிறோம். பார்க்க வேண்டியது வரி ரசீது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு ஆயுள் வரியைப் பதிவின்போதே கட்டிவிடுவார்கள். பதிவு 2016-லும் ஆயுள் வரி 2019-லும் இருந்தால், வண்டி வேறு மாநிலத்திலிருந்து வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் டி-போர்டாக ஓடியிருக்க வேண்டும். இரண்டில் எது என்று விற்பவர் தாளைக் காட்டிச் சொல்லட்டும்.

டாக்ஸியாக ஓடியது பாவமில்லை. ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டிய டாக்ஸியை, டாக்ஸி என்று சொல்லி, அதற்குரிய விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். 1,31,000-க்கு மேல் ஓடியதை 43,000 என்று விற்பதுதான் திருட்டு. மீட்டரைத் திருப்புவது பெரிய வேலையும் இல்லை. டிஜிட்டல் மீட்டர் என்றால் மாற்ற முடியாது என்று பலர் நம்புகிறார்கள். மீட்டர் போர்டைக் கழற்றி அதிலுள்ள மெமரி சிப்பில் புதிய எண்ணை எழுதிவிட்டால் போதும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் மீட்டர் சொல்வதை விட்டுவிட்டு வண்டி சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் பின் சீட்டுக்குப் போங்கள். எல்லோரும் ஸ்டீயரிங்கையும் டிரைவர் சீட்டையும் பார்ப்பார்கள் என்று தெரிந்தே விற்பவர் அங்கே புதுக் கவர் போட்டுவிடுவார். குடும்ப வண்டியில் பின் சீட்டு ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். டாக்ஸியில் பின்பக்கம் இடது ஓரம் அமுங்கிக் கிடக்கும், ஏனென்றால் சவாரி ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கதவு வழியாகத்தான். பின் இடது கதவின் கைப்பிடி, கதவு அடியிலுள்ள பிளாஸ்டிக் படியில் செருப்புக் கீறல், கதவு பூட்டும் கொக்கியில் தேய்மானம் ஆகியவற்றை வலது பக்கத்தோடு ஒப்பிடுங்கள். இடது பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அது குடும்பத்தில் ஓடிய வண்டி இல்லை. பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் பசைத் தடம், கூரையில் அடைத்த திருகுத் துளை, ஸ்பீட் கவர்னர் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) இருந்த இடத்தில் வெட்டி டேப் சுற்றிய வயர் ஆகியவையும் சாட்சி சொல்லும். ஆர்சியில் மாடல் ‘டூர் ஹெச்3’ என்று இருந்தால் அது கம்பெனியே டாக்ஸிக்காகச் செய்த வண்டி.

அடுத்து டயர். பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 0916 என்றால் 2016-ஆம் ஆண்டின் 9-வது வாரம். 43,000 ஓடிய வண்டியில் கம்பெனி டயரே தேய்ந்த நிலையில் இருக்கலாம், அல்லது ஒரு செட் மாற்றியிருக்கலாம். மூன்றாவது செட் ஓடிக்கொண்டிருந்தால் கணக்கு இடிக்கிறது. ஸ்டெப்னியை மறக்காதீர்கள். நான்கு டயரை மாற்றுபவர்கள் ஸ்டெப்னியை அப்படியே விட்டுவிடுவார்கள், அது பழைய கதையைச் சொல்லும். சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துணி லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். வண்டி 2016, பெல்ட் 2020 என்றால் பெல்ட்டை ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஏர்பேக் வெடித்த விபத்தில் பெல்ட்டும் சேர்ந்து மாறும்.

விபத்து பற்றி இன்னொரு சாட்சி இன்சூரன்ஸ் பாலிசி. அதில் என்சிபி (நோ கிளெய்ம் போனஸ்) என்று ஒரு தள்ளுபடி சதவீதம் இருக்கும். கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ‘வண்டியில் கீறல்கூட விழுந்ததில்லை’ என்று சொல்லும் எட்டு வருட வண்டியின் பாலிசியில் என்சிபி 0 அல்லது 20 என்றிருந்தால், ஒன்று சமீபத்தில் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள், அல்லது நடுவில் பாலிசி விட்டுப்போயிருக்கிறது, அல்லது வண்டி கை மாறியிருக்கிறது. மூன்றுமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. அந்த என்சிபி வண்டியோடு உங்களுக்கு வராது என்பதும் நினைவிருக்கட்டும். பெயர் மாற்றிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால், இடித்துக்கொண்டால் உங்கள் வண்டிக்கான பணம் கிடைக்காது.

பாடியைப் பார்க்கும்போது பானட்டைத் திறந்து ஃபெண்டர் போல்ட்டுகளைப் பாருங்கள். பெயிண்ட் உரிந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் ஃபெண்டர் கழன்றிருக்கிறது. அதை மட்டும் வைத்து வண்டியைத் தள்ளிவிட வேண்டாம், ஊர்ச் சாலையில் ஃபெண்டர் நசுங்குவது சகஜம். ஏப்ரன் (பானட்டுக்குள் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), ரன்னிங் போர்டு ஆகியவற்றில் கை வைத்திருந்தால்தான் பயப்பட வேண்டும். கதவு ரப்பர் பீடிங்கை உருவினால் உள்ளே கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் சிறு வட்டக் குழிகளாகத் தெரியும். பட்டி (நசுங்கலை நிரப்பும் பூச்சு) பார்த்த இடத்தில் அந்தக் குழிகள் மறைந்திருக்கும், இல்லையென்றால் கோணல்மாணலாக இருக்கும். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிதான் இதையெல்லாம்விடக் கொடுமை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் அதே நிலைமை. மூழ்கிய வண்டி அந்த ஊரிலேயே விலை போகாது என்பதால் துடைத்து மெருகேற்றி வேறு மாவட்டத்தில் நிறுத்துவார்கள். பழைய வேகன் ஆரில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. முன் இடது சீட்டுக்கு அடியில் இழுத்து எடுக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதை முழுதாக வெளியே எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டு ரெயிலின் போல்ட்டு செம்மண் நிறத்தில் துருப்பிடித்திருக்கிறதா? தரைவிரிப்பை விரலால் அழுத்தினால் நறநறவென்று மணல் படுகிறதா? பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். தினமும் வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் தண்ணீர் நின்ற கோடு காய்ந்து பழுப்பாக நிற்கும். சீட்டைக் கழுவுபவர்கள் இதைக் கழுவ மறந்துவிடுவார்கள். ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்திலும் சேறு தங்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். வயர் கனெக்டர்களில் பச்சை பூத்துவிட்டால் இன்று பவர் விண்டோ, நாளை ஸ்டீயரிங், மறுநாள் ஸ்டார்ட் ஆகாது. இதற்கு முடிவே கிடையாது.

இன்ஜினைப் பொறுத்தவரை வேகன் ஆர் நம்பகமான வண்டிதான். 2010-க்கு முந்தைய 1061 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். 2010-க்குப் பிறகு வந்த 998 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினில் டைமிங் செயின். ஐடிலில் லேசாக அதிர்வது அதன் சுபாவம், கதவு கிலுகிலுக்கும் அளவுக்கு அதிர்ந்தால் இன்ஜின் மவுண்ட் போயிருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள், வெண்ணெய் மாதிரிப் படிவு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கூலன்ட் டப்பாவில் பச்சையோ நீலமோ இல்லாமல் பழுப்பு நிறத் தண்ணீர் இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். அந்த வண்டி ஒருமுறையாவது சூடேறியிருக்கும், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். போகும்போதே விற்பவரிடம் ‘வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க’ என்று சொல்லிவிடுங்கள். பானட்டில் கை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும். காலை முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையும் சத்தமும்தான் உண்மை. கியர் தானே மாறும் ஏஜிஎஸ் வண்டி என்றால் ஒரு சரிவில் ரிவர்ஸில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். தூக்கித் தூக்கிப் போட்டால் கிளட்ச் அல்லது ஆக்சுவேட்டரில் செலவு காத்திருக்கிறது.

சிஎன்ஜி போட்டிருந்தால் ஆர்சியில் அது ஏறியிருக்க வேண்டும், சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தச் சோதனை) சான்று வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம். 2018 நவம்பர் 15 முதல் 2019 அக்டோபர் 15 வரை தயாரான 1 லிட்டர் வேகன் ஆர்களுக்கு 2020 ஜூலையில் ஃப்யூல் பம்ப் ரீகால் வந்தது. 56,663 வண்டிகள் அதில் அடக்கம். சேசிஸ் எண்ணைக் கொண்டு அந்த வேலை நடந்திருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். நடக்காவிட்டால் இலவசமாகச் செய்து தருவார்கள்.

புதிது வாங்கலாமா என்றும் ஒருமுறை கணக்குப் போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய வண்டிக்கு இன்னும் குறைப்புக்கு முந்தைய புது விலையை வைத்து ரேட் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருட வண்டியை அந்த ரேட்டுக்கு வாங்குவதற்கு ஷோரூமுக்கே போகலாம். அங்கேயும் கண்ணைத் திறந்து வையுங்கள். பார்ம் 22-ல் (கம்பெனி தரும் சான்று) தயாரிப்பு மாதம் இருக்கும், ஆறு மாதம் வெயிலில் நின்ற ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று பில்லில் ஒரு தொகை இருந்தால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். இன்சூரன்ஸை அவர்களிடம்தான் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பாதுகாப்பைப் பற்றி சேல்ஸ்மேன் சொல்லாமல் விடுவது, குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இந்த வண்டிக்கு 2019-ல் 2 நட்சத்திரமும் 2023-ல் பெரியவர்களுக்கு 1 நட்சத்திரமும் கிடைத்தது. 2025-ல்தான் எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக் வந்தது. நெடுஞ்சாலையில் அதிகம் போகிற குடும்பம் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

பழைய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், உரிமையாளரின் சம்மதத்தோடு ஆர்சி நகலை எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவை வாங்கிப் பாருங்கள். ‘வெளியில்தான் சர்வீஸ், ரெக்கார்டு இல்லை’ என்றால் வெளியில் செய்த பில்லாவது கேளுங்கள். எதுவுமே இல்லாத வண்டிக்கு 43,000 கி.மீ. விலை கொடுக்காதீர்கள். ஹெச்பி (வண்டி மேல் கடன்) இருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் பார்ம் 35-ம் வங்கி என்ஓசியும் கையில் வரும் வரை முழுப் பணம் வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான பார்ம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கி, பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பராக வைத்துச் சுற்ற வேண்டாம். பழைய வண்டி வியாபாரிகளுக்கு ஆர்டிஓ அங்கீகாரச் சான்று என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

மேலே சொன்ன வண்டியை வாங்கியவருக்கு இப்போது வழி இல்லாமல் இல்லை. விற்றவர் வியாபாரி என்பதால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 1915 என்ற உதவி எண்ணிலும் முதலில் பதியலாம். ஏமாற்றுக்கு பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 318-வது பிரிவில் காவல் புகாரும் கொடுக்கலாம். அவர் கையில் சர்வீஸ் பதிவு இருக்கிறது, 43,260 என்ற எண்ணோடு வந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: டெலிவரி நோட்டில் கிலோமீட்டர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கும்போது ‘மீட்டரில் காட்டும் இத்தனை கி.மீ. உண்மையானது, டி-போர்டாக ஓடவில்லை, வெள்ளத்தில் மூழ்கவில்லை’ என்று அந்த இடத்தில் எழுதி, விற்பவரின் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். எழுத மறுத்தால் பணத்தை எண்ண வேண்டாம்.