ரொட்டி போட ரெண்டே பேர்: ஓஆர்-டூல்ஸ் எனக்குச் சொன்ன கணக்கு

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பத்தொன்பது வருஷமாக மேற்பார்வை பார்க்கிறேன். பதினோரு ஆள், காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிப்ட். ஞாயிறு இரவு கல்லாவை அடைத்ததும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அடுத்த வாரப் பட்டியல் போடுவேன். ரெண்டு மணி நேரம் பிடிக்கும். திங்கள் காலையில் சண்டையும் உண்டு.

முதலில் கைப்பேசியில் ஒரு ஏஐ சாட்டிடம் கேட்டேன். அழகாகக் கட்டம் கட்டிக் கொடுத்தது. பார்த்தால் புதன்கிழமை கல்லாவில் ஆளே இல்லை. சொன்னதும் மன்னிப்புக் கேட்டு, புதனைச் சரிசெய்து வியாழனைக் கெடுத்தது.

"அதுக்குப் பேசத் தெரியும் மாமா, எண்ணத் தெரியாது" என்றான் அக்கா மகன். அவன்தான் கூகுளின் ஓஆர்-டூல்ஸை என் மடிக்கணினியில் ஏற்றினான். நிபந்தனைகளைச் சொன்னால் அதற்கு ஒத்துவரும் விடையைத் தேடித் தரும் மென்பொருள், இலவசம். அதற்குள் சிபி-சாட் என்று ஒன்று இருக்கிறது. கணக்குப் போடுவது அதுதான். கூகுளின் விளக்கத்திலேயே நாலு தாதியர், மூன்று நாள், நாளுக்கு மூன்று ஷிப்ட் என்று ஒரு மாதிரி உண்டு. தாதியை எடுத்துவிட்டுத் தண்ணி கலக்குறவரை, அதாவது தேநீர், காப்பி போடுகிறவரைப் போட்டான். பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிக் கொடுத்தது முதலில் சொன்ன அந்த ஏஐ சாட்தான். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தது.

ஆள், நாள், ஷிப்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்: வந்தால் 1, வராவிட்டால் 0. எங்கள் கடைக்கு 231 கட்டம். ஒவ்வொரு வழியாக எண்ணினால் 70 இலக்கத்தில் ஒரு எண் வரும். சிபி-சாட் அப்படி எண்ணுவதில்லை. ஒரு நிபந்தனை உடைந்தால் அந்தக் கிளையையே வெட்டிவிடும். எதனால் உடைந்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் மறுபடி போகாது.

முதல் தடவை ஒரு நொடிகூட ஆகவில்லை, 'இன்ஃபீசிபிள்' என்று ஒரே வார்த்தை. முடியாதாம். நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். ரொட்டி சானாய், அதாவது மாவை வீசிப் போடும் நம்ம பரோட்டா மாதிரி, அதைப் போட ரெண்டே பேர். காலைக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்றால் வாரத்துக்கு 14 ஷிப்ட். ஓய்வு நாள் ஒன்று கட்டாயம். 2023 ஜனவரியிலிருந்து மலேசியச் சட்டப்படி வாரம் 45 மணி நேரம்தான். ஏழரை மணி ஷிப்ட், ஆளுக்கு ஆறு, ஆக 12. மிச்சம் ரெண்டை இத்தனை வருஷம் எப்படி அடைத்தேன்? "தம்பி, இன்னிக்கு மட்டும்" என்று சொல்லித்தான். வாராவாரம் அந்த 'இன்னிக்கு மட்டும்' வந்தது.

தண்ணி கலக்குறவருக்கு மாவு வீசக் கற்றுக்கொடுத்தோம். கிழிந்த ரொட்டியை எல்லாம் நாங்களே பசியாறினோம். அவரை ரெண்டு இரவுக்குப் போட்டதும் பட்டியல் வந்தது. ஆனால் ஒரே பையனுக்கு ஆறு நாளும் இரவு! நியாயம் என்பதை நாம் எழுதினால்தான் அதற்குத் தெரியும். இரவு ஷிப்டில் ஆளுக்கு ஆள் இவ்வளவுக்கு மேல் வித்தியாசம் கூடாது, வெள்ளித் தொழுகைக்குப் போகிறவருக்கு அன்று மதியம் வேண்டாம் என்று சேர்த்தோம். இப்போது திங்கள் சண்டை பாதியாகிவிட்டது.

குறையும் சொல்லவேண்டும். பட்டன், படம் எதுவும் இல்லை, வெறும் எழுத்து. வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இல்லையென்றால் தொடாதீர்கள். விடியற்காலை அஞ்சு மணிக்கு "அண்ணே, காய்ச்சல்" என்று போன் வந்தால், மடிக்கணினியைத் திறப்பதற்குள் நானே கல்லாவில் உட்கார்ந்துவிடுவேன்.

தைப்பூச வாரத்தை இன்னும் அதற்குள் போடவில்லை. பாதிப் பேருக்குப் பால்குடம், மீதிப் பேருக்கு ரதம். அந்த வாரம் மட்டும் காலண்டர் தாளும் பென்சிலும்தான்.