மதிப்பெண் அட்டவணையா, உரிமையாளர் வாக்கா? ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது யாரை நம்புவது

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு நம்பகத்தன்மையில் மட்டமான மதிப்பெண் வந்துவிட்டால், அதன் உரிமையாளர்கள் சொல்லும் பதில்கள் பெரும்பாலும் மூன்றுதான். "என் காரில் இதுவரை ஒன்றும் ஆகவில்லை." "ப்ளூடூத் இணையாததையும் இன்ஜின் போனதையும் ஒரே கணக்கில் சேர்க்கிறார்கள்." "பராமரிக்கத் தெரியாதவர்கள்தான் புகார் சொல்கிறார்கள்." காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் வாங்கப் போகிறவருக்கு வேண்டிய சில விவரங்கள் மதிப்பெண் அட்டவணையில் கிடைப்பதில்லை, இவர்களிடம்தான் கிடைக்கின்றன.

முதல் பதிலில் சரக்கில்லை. பத்தில் ஒரு காரை வீழ்த்தும் கோளாறு என்றால்கூட, மீதி ஒன்பது பேரும் அதையே உண்மையாகச் சொல்லலாம்.

இரண்டாவது பதில், எந்த அட்டவணையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஜே.டி. பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் நீடித்துழைப்பு ஆய்வு, மூன்று ஆண்டுகள் ஓடிய கார்களில் நூற்றுக்கு எத்தனை பிரச்சினைகள் என்று எண்ணுகிறது. அங்கே சின்னதும் ஒன்று, பெரியதும் ஒன்று, புகார் நியாயமானது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு அப்படியில்லை. கடந்த 12 மாதங்களில் என்ன பழுதானது என்று தன் உறுப்பினர்களிடம் கேட்டு, இன்ஜின், கியர்பாக்ஸ் போன்றவற்றுக்குக் கூடுதல் எடை தருகிறது. கோபத்தில் இரண்டையும் சேர்த்துத் திட்டுகிறவர்களே அதிகம். இதில் உரிமையாளர்கள் வசதியாக மறந்துவிடும் ஒன்றும் உண்டு: பல ஸ்போர்ட்ஸ் கார்கள் வார இறுதியில் மட்டும் வெளியே வருபவை. ஓட்டம் குறைவு என்பதால் பழுதும் குறைவாகவே பதிவாகும். கணக்கு பல நேரங்களில் அவர்களுக்குச் சாதகமாகவே சாய்கிறது.

மூன்றாவது பதிலை இரண்டு கார்களை வைத்துப் பார்க்கலாம். 2014-இல் போர்ஷே 911 ஜிடி3 தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு, அந்த மாடலின் 785 கார்களையும் ஓட்ட வேண்டாம் என்று நிறுவனமே சொன்னது. இன்ஜினுக்குள் பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்ததே காரணம். அத்தனை கார்களுக்கும் புது இன்ஜின் போட்டுக் கொடுத்தார்கள். எந்த உரிமையாளரின் பராமரிப்பும் இதைத் தடுத்திருக்காது.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 கதை வேறு. 1.3 லிட்டர் ரோட்டரி இன்ஜின், அதாவது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண வடிவ ரோட்டர் சுழலும் இன்ஜின். எண்ணெய் எரிவது அதில் கோளாறல்ல, அமைப்பே அப்படி. சுழலும் ரோட்டரின் முனை சீல்களுக்கு மசகாக எண்ணெயைச் சிறிது சிறிதாக உள்ளே செலுத்துகிறது. பெட்ரோல் போடும்போதெல்லாம் எண்ணெய் அளவையும் பார்க்கும் பழக்கம் இல்லாதவரிடம் இந்தக் கார் தாங்காது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, காரை நாலடி நகர்த்திவிட்டு அணைத்தால், உள்ளே பெட்ரோல் தேங்கி ஸ்பார்க் பிளக் நனைந்து, மறுபடி கிளம்ப மறுக்கும். இவையெல்லாம் தெரிந்தவரிடம் அந்தக் கார் நன்றாக ஓடியது உண்மை. ஆனாலும் பழியை முழுக்க ஓட்டுநர்மேல் போட முடியாது. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான கார்களின் இன்ஜினுக்கு 8 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் என மஸ்டாவே உத்தரவாதத்தை நீட்டியது. சும்மா நீட்டுவார்களா?

பழைய கார் வாங்குகிறவருக்கு அட்டவணை கைகொடுக்காது. 911 என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-லும் 2021-லும் ஜே.டி. பவர் ஆய்வில் எல்லா மாடல்களுக்கும் மேலே நின்றது அது. அதே பெயரில் 1990-களின் இறுதியில் வந்த 996 வகையில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை இயக்கும் இடைத்தண்டின் பேரிங் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கி இன்ஜினையே கொண்டுபோனது. 2001 முதல் 2005 வரையிலான கார்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கு 2013-இல் சமரசமானது. இதைக் கண்காணிக்கும் வழி உரிமையாளர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் பழைய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். உலோகத் துகள் மின்னினால் காரை ஓட்டுவதை நிறுத்திவிடுவார்கள். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸைக் கழற்றும்போதே பேரிங்கையும் மாற்றிவிடுவது அவர்கள் வழக்கம். அதே 996-இன் டர்போ, ஜிடி3 வகை இன்ஜின்களில் இந்தத் தொல்லை இல்லை. எந்த மதிப்பெண் இவ்வளவையும் சொல்லும்?

நல்ல பெயர் எடுத்த காரும் தப்புவதில்லை. டொயோட்டா 86, சுபாரு பிஆர்ஸெட் இரட்டையரின் 2013 மாடல் கார்கள் வால்வு ஸ்பிரிங்குக்காக 2018-இல் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்கு இன்ஜினையே இறக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்குப் பிறகு இன்ஜின் கெட்டதாகச் சிலர் புகார் சொன்னார்கள். அதனால் இந்தக் காரை விற்பவரிடம் "வேலை முடிந்துவிட்டதா" என்பதோடு, "முடிந்த பிறகு எவ்வளவு ஓடியது" என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு குழப்பம், பிடித்திருப்பதையும் பழுதாகாததையும் ஒன்றாக நினைப்பது. 2015-இல் பழுதுகளைக் காரணம் காட்டி டெஸ்லா மாடல் எஸ்ஸுக்கான பரிந்துரையை கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் விலக்கியபோது, மறுபடியும் அதையே வாங்குவோம் என்ற உரிமையாளர்கள் 97 சதவீதம். ஸ்போர்ட்ஸ் கார்காரர்களும் இப்படித்தான். "வருந்துகிறீர்களா" என்று கேட்டால் பதில் தெரிந்ததே. "கடைசி மூன்று ரசீதுகளைக் காட்டுங்கள்" என்று கேட்பது மேல்.

என் தேர்வு இது. புதிதாக வாங்குவதானால் அட்டவணையைக் கேளுங்கள். புது மாடலின் முதல் ஆண்டுக் காரை விட்டுவிடுங்கள். பழையதானால் உரிமையாளரைக் கேளுங்கள், அதுவும் காகிதத்தோடு. 996 என்றால் பேரிங் மாற்றிய ரசீது. ஆர்எக்ஸ்-8 என்றால் ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாக அளக்கும் கருவியில் எடுத்த அழுத்தச் சோதனை முடிவு; சாதாரண மானி மூன்றில் உயர்ந்ததை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். வீட்டில் இருப்பதே ஒரு கார்தான், அதிலேயே தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்றால் இரண்டும் வேண்டாம், மஸ்டா எம்எக்ஸ்-5 போதும்.