நாலு விநாடி இசை வாங்கி ஏமாந்தேன்

மொரீஷியஸில் கோவில் விசேஷம், கல்யாணம் என்று வீடியோ போடுகிறவர்கள் காசு கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்தத் தைப்பூசக் காவடிக்கு கோர் தெ கார்ட் மலைச்சரிவு முருகன் கோவிலில் எடுத்ததை 5 வீடியோவாகத் தொகுத்தேன். காட்சி மாறும் இடத்தில் ஒலிக்க 4 விநாடித் துண்டு இசை தேவைப்பட்டது. ரோஸ் ஹில்லில் ஒருவர், நம்ம ஆள்தான், "எல்லாம் சொந்தமா அடிச்சதுண்ணே, மேளமும் ரவானும் கலந்து தர்றேன்" என்றார். ரவான் என்பது இந்தத் தீவின் தோல் பறை. 10 துண்டுக்கு 6,000 ரூபாய், முழுப் பணமும் முதலிலேயே. நம்ம ஆள் என்றதும் கட்டிவிட்டேன்.

வந்தது எம்பி3. ரவானைக் காணோம், தபேலாதான். ஒவ்வொன்றின் தலையிலும் இம்மியளவு மௌனம். எம்பி3 ஆக்கும்போதே அது ஒட்டிக்கொள்ளும், அதனால் காட்சி ஒரு பக்கம் மாற, அடி ஒரு பக்கம் விழுந்தது. கடைசி அடியின் கார்வை அடங்கும் முன்பே கத்தரித்து, 'டிக்' என்று ஒரு சத்தம் வேறு. சரி, சமாளிப்போம் என்று ஏற்றினேன்.

மூன்றாம் நாள் 3 வீடியோவுக்கு யூடியூபில் காப்புரிமைக் கோரிக்கை. கோரியது யார்? விற்றவரேதான்! அதே துண்டுகளைப் பாட்டாகக் கோத்து, உரிமையுள்ள இசை யார் வீடியோவில் வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் ஏற்றியிருக்கிறார்.

அக்கா மகன் ஐபேடில் ஆப்பிளின் இசையமைப்புச் செயலியான கராஜ்பேண்டைத் திறந்து, அதில் ஆயத்தமாக இருக்கும் தபேலா இசைத் துண்டுகளை, அதாவது லூப்களை, ஒவ்வொன்றாகத் தட்டினான். ஏழாவதோ எட்டாவதோ, என் துண்டு அப்படியே ஒலித்தது. வேகத்தைக்கூட மாற்றவில்லை மனுஷன். அந்த லூப்களை நம் இசைக்குள் சேர்த்து விற்கலாம், ஆப்பிள் தனியாகக் காசு கேட்காது. லூப்பை அப்படியே தனியாக விற்கத்தான் உரிமம் இல்லை. எல்லாரும் எடுத்தாளும் லூப்பைத் தன் ஒருவருக்கே உரியதென்று கன்டென்ட் ஐடியில் பதிவதும் விதிமீறல்.

ஆட்சேபித்தேன். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் வராமல் கோரிக்கை தானாக விலகியது. ஆனால் மாசி பிறந்த பிறகு காவடி வீடியோவை யார் பார்க்கிறார்கள்? போனை அவர் எடுப்பதேயில்லை.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் எம்பி3 போலச் சுருக்காத வேவ் கோப்பும், வாத்தியம் வாரியாகப் பிரித்த தடங்களும் கேளுங்கள். சொந்தமாக அடித்தவரிடம் இருக்கும்.

இப்போது நாங்களே செய்கிறோம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் நாலடிச் சுற்று 2 விநாடி, இரண்டு சுற்று போதும். மாமா ரவானைத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றி அடித்தார், போனிலேயே பதிந்தோம். ஒரு துண்டில் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து குரைக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன்.