தொப்பூர் இறக்கமும் என் காரின் பிரேக்கும்: ஏழெட்டு வருட அனுபவம்

என்னுடையது பெட்ரோல் ஹேட்ச்பேக். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக்), பின் சக்கரங்களுக்கு டிரம் (சுழலும் உருளையின் உள்ளிருந்து அழுத்தும் பிரேக்). வீடு தர்மபுரியில், வேலை விஷயமாக அடிக்கடி சேலம் போக வேண்டும். அப்படிப் போனால் தொப்பூர் கணவாயில் இறங்கியே ஆக வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கம். சமதரையில் மாதக்கணக்கில் வெளியே தெரியாத பிரேக் கோளாறு இந்தப் பக்கத்துச் சாலைகளில் சீக்கிரமே காட்டிக் கொடுத்துவிடும்.

முதலில் வந்தது சத்தம். பிரேக்கை லேசாக மிதித்தாலே முன்பக்கம் ‘கீச்’ என்றது. இரவு மழை பெய்து, காலையில் வண்டி எடுக்கும்போதும் சத்தம் வரும். அது டிஸ்க்கில் படிந்த துரு, நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். நாள் முழுக்க நிற்காமல் வந்தால் பேட், அதாவது டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை, தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பல பேட்களில் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்காகவே வைத்திருக்கிறார்கள். புதுப் பேட்டின் உராய்வுப் பகுதி சுமார் 10 மி.மீ. தடிமன் இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தால் வெளிப்பக்கப் பேட்தான் கண்ணுக்குத் தெரியும். உள்பக்கப் பேட் அதைவிட அதிகம் தேய்ந்திருக்கலாம், அதனால் சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்கச் சொல்வேன். ‘கீச்’ போய் ‘கரகர’ என்று ஆகிவிட்டால் இரும்பும் இரும்பும் உரசுகிறது. அதற்கப்புறம் பேட்டோடு முடியாது, டிஸ்க்கும் செலவில் சேரும்.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது பிரேக் ஆயில், அதாவது பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் திரவம். வண்டியைப் பழையதாகத்தான் வாங்கினேன்; ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று எந்தக் குறிப்பும் இல்லை. ஒரு கோடை மதியம், வண்டி நிறைய ஆட்கள், முன்னால் லாரி வரிசை. கணவாயில் பாதி இறங்கியபோது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போய்ப் பிடித்தது, காலுக்குப் பஞ்சு மாதிரி இருந்தது. மறுநாள் காலை பார்த்தால் பழையபடி கெட்டியாக இருக்கிறது! இப்படித் தானாகச் சரியாகிவிடுவதுதான் இதில் ஆபத்து.

எங்கள் பட்டறைக்காரர் விளக்கினார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். பிரேக் ஆயிலின் தரத்தை டாட் என்ற எண்ணால் குறிப்பார்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 மட்டுமே. டாட் 4-க்குப் புதிதில் 230, ஈரம் ஏறியபின் 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி வரும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் பஞ்சாகிறது. ஆயிலை மாற்றி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தபின் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றியபின்) அந்தக் குறை திரும்பவில்லை. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஈரம் ஏறும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். எந்த டாட் என்பது வண்டியின் பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

இறக்கத்தில் டீசலோ பெட்ரோலோ மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கினால் பாதி வேலையை இன்ஜினே பார்த்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட்டால் இன்னும் மோசம்: பூஸ்டரில் (இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடத்தால் நம் மிதிக்குப் பலம் கூட்டும் பாகம்) மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். இன்ஜின் ஓடும்போதே பெடல் அப்படி இறுகினால் பூஸ்டரையோ அதன் குழாயையோ பார்க்க வேண்டும். வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதித்துவிட்டு, பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

அடுத்தது ஒரு மழைக்காலம் முடிந்தபின் வந்தது. பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு நிறுத்தினால் ஒரு முன் சக்கரத்தருகே மட்டும் கருகிய வாடை. கையை அருகே கொண்டுபோனாலே அனல் தெரிந்தது, தொட்டுப் பார்த்துவிடாதீர்கள். “காலிப்பர் பின் காஞ்சு போச்சுங்க சார், பேட் விடாம ஒட்டிக்கிட்டே ஓடுது” என்றார் பட்டறைக்காரர். பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பிடிதான் காலிப்பர்; அது நகர உதவும் கம்பிதான் அந்தப் பின். சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் போட்டு, இரு பக்கமும் புதுப் பேட் போட்டார். ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டால் இழுப்பு தொடரும்.

சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில், அதாவது மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் பாகத்தில், இருக்கலாம். டப்பாவில் ஆயில் குறைந்தால் ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். ஒன்று பேட் தேய்ந்திருக்கும், இல்லை எங்கோ கசிகிறது. ஹேண்ட்பிரேக்கை இறக்கியும் சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பின் விளக்கு) மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம்.

ஓடும்போதே பெடல் அடியோடு போய்விட்டால் வேகவேகமாக விட்டு விட்டு மிதியுங்கள், ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுற்றிவிடும்.

இப்போது ஓசூர் சாலையில் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிட்டதாம். அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை நெருங்கிவிட்டதால் கடைசல் பிடித்துச் சமமாக்க இடமில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போவதற்குள் இரண்டு டிஸ்க்கையும் பேட்டோடு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.